ஐஸ் வாளியில் அரிசி விழுந்த கதை

2014 ஆகஸ்டில் ஃபேஸ்புக் பக்கம் போன யாரும் அந்தக் கூத்திலிருந்து தப்பியிருக்க முடியாது. வீட்டுத் தோட்டத்தில் ஒருவர் நிற்பார். கையில் ஒரு வாளி, அது நிறைய ஐஸ் தண்ணீர். நண்பர்கள் சிலரின் பெயரைச் சொல்வார். இருபத்துநாலு மணி நேரத்துக்குள் நீங்களும் செய்யுங்கள், மாட்டேனென்றால் நன்கொடை கொடுங்கள் என்பார். வாளியைத் தன் தலையில் கவிழ்த்துக்கொள்வார். ஓர் அலறல், அத்துடன் படம் முடிந்தது. மார்க் ஸக்கர்பெர்க் நனைந்துவிட்டு பில் கேட்ஸை வம்புக்கு இழுத்தார். பில் கேட்ஸ் அதற்கென்றே ஒரு சட்டம் செய்து, அதன் மேல் வாளியை ஏற்றி, கயிற்றை இழுத்து நனைந்தார். ஜார்ஜ் புஷ் நனைந்தார். நம் ஊர் சினிமாக்காரர்களும் வரிசையில் நின்று நனைந்தார்கள். பாதிப் பேருக்கு எதற்காக நனைகிறோம் என்பது தெரிந்திருக்குமா என்பது என் சந்தேகம்.

காரணம் இருந்தது, சோகமான காரணம். அந்த ஜூலையில் ஃபுளோரிடாவைச் சேர்ந்த கிறிஸ் கென்னடி என்ற கோல்ஃப் ஆட்டக்காரர், தன் உறவுக்காரப் பெண்ணின் கணவர் ஆந்தணி செனெர்க்கியாவை மனதில் வைத்து இந்த வாளி விளையாட்டை ஏ.எல்.எஸ். நோயோடு இணைத்தார். மூளையின் கட்டளையைத் தசைக்குக் கொண்டுபோகும் நரம்புச் செல்கள் ஒவ்வொன்றாகச் செத்து, கை கால், பேச்சு, விழுங்குவது, கடைசியில் மூச்சு என்று வரிசையாக அடங்கும் நோய் அது. ஸ்டீபன் ஹாக்கிங்குக்கு இருந்தது என்றால் நமக்குப் புரியும். அதே நோய் கண்டிருந்த பாட் க்வின், பீட் ஃப்ரேட்ஸ் என்ற இரண்டு இளைஞர்கள் விளையாட்டைக் கையில் எடுத்ததும் அது உலகத்தையே சுற்றியது. அந்தக் கோடையில் மட்டும் அமெரிக்க ஏ.எல்.எஸ். சங்கத்துக்கு 11.5 கோடி டாலர் சேர்ந்தது. நோய் கண்ட அந்த மூன்று பேரும் இன்று இல்லை.

ஹைதராபாத்தில் மஞ்சு லதா கலாநிதி என்ற பத்திரிகையாளர் இந்தப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய வேலை கொஞ்சம் விசித்திரமானது. ஒரைசா டாட் காம் என்ற இணையதளத்துக்கு அப்போது எழுதிக்கொண்டிருந்தார். அந்தத் தளத்துக்கு உலகத்தில் ஒரே செய்திதான்: அரிசி. தாய்லாந்தில் டன் என்ன விலை, வியட்நாமில் அறுவடை எப்படி, எந்த நாடு யாரிடம் டெண்டர் கேட்கிறது, எந்தத் துறைமுகத்தில் எத்தனை டன் ஏறுகிறது. 2011-ல் ஏற்றுமதித் தடை விலகியபின் இந்தியா உலகத்திலேயே அதிகமாக அரிசி விற்கும் நாடாகியிருந்தது. அதே இந்தியாவில் போதிய சாப்பாடு இல்லாதவர்கள் ஏறத்தாழ 19 கோடிப் பேர் என்று ஐ.நா.வின் உணவு, வேளாண்மை நிறுவனம் அந்த ஆண்டு கணக்குச் சொன்னது. இந்த இரண்டு எண்களும் நாள்தோறும் மேசையில் கிடக்கிற ஒருவருக்கு, ஐஸ் வாளியைப் பார்த்ததும் அரிசி ஞாபகம் வந்ததில் ஆச்சரியமில்லை.

அமெரிக்காவுக்கு அந்த விளையாட்டு பொருந்தும், நமக்கு வேறு கவலைகள் நிறைய இருக்கின்றன என்பது அவர் அப்போது பேட்டிகளில் சொன்னதன் சாரம். ஆகஸ்ட் பிற்பகுதியில் ஒரு நாள் வாளியில் அரிசியை நிரப்பினார். அக்கம்பக்கத்தில் கஷ்டப்பட்டுக்கொண்டிருந்த ஒருவருக்குக் கொடுத்தார். ஒரு படம் எடுத்தார். ஃபேஸ்புக்கில் போட்டார். ‘ரைஸ் பக்கெட் சேலஞ்ச்’ என்று பெயர் வைத்தார். அரிசி வாளிச் சவால் பிறந்தது இப்படித்தான். கமிட்டி கூடவில்லை, அறக்கட்டளை பதிவாகவில்லை, ரிப்பன் வெட்ட அமைச்சர் வரவில்லை. சில நாளில் சி.என்.என்., பி.பி.சி. எல்லாம் தேடி வந்துவிட்டன.

விதி எளிமையானது. ஒரு வாளி அரிசியை வாங்கு, அல்லது சமை. உனக்கு மிக அருகில் இருக்கிற இல்லாதவருக்குக் கொடு. படம் எடுத்துப் போடு. நண்பர்களைச் சவாலுக்கு இழு. ஒருவருக்கு மேல் உதவ நினைத்தால், பக்கத்து அரசு மருத்துவமனைக்கு 100 ரூபாய்க்கு மருந்து வாங்கிக் கொடு. வாளி எத்தனை லிட்டர் என்று விதி சொல்லவில்லை. குளியலறை வாளி இருபது லிட்டர் பிடிக்கும் என்று வைத்துக்கொண்டால் பதினைந்து பதினாறு கிலோ அரிசி அடங்கும். நால்வர் உள்ள குடும்பத்துக்கு ஒரு வாரம், பத்து நாள் ஓடும். 2013-ல் வந்த உணவுப் பாதுகாப்புச் சட்டம் ஆளுக்கு மாதம் 5 கிலோ என்று வைத்தது. அதே குடும்பத்துக்கு மாதம் இருபது கிலோ. ஆக, ஒரு வாளி என்பது அரசாங்கம் மாதம் முழுவதற்கும் அளக்கிறதில் முக்கால் பங்கு. சின்ன விஷயம் இல்லை.

அந்த ஆகஸ்டில் வாளிக்குப் பல பிள்ளைகள் பிறந்தன. காஸாவில் குண்டுவீச்சில் இடிந்த வீடுகளின் மண்ணையும் கல்லையும் வாளியில் அள்ளித் தலையில் கொட்டிக்கொண்டார்கள். கையில் ஐஸ் இல்லை, இடிபாடு இருக்கிறது என்று உலகத்துக்குக் காட்டிய அந்தப் படங்களைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். கலிஃபோர்னியாவில் வறட்சி, நடிகர் மாட் டேமன் தன் வீட்டுக் கழிப்பறைத் தொட்டித் தண்ணீரை எடுத்து ஊற்றிக்கொண்டு, கோடிக்கணக்கானவர்களுக்கு இந்தத் தண்ணீர்கூடக் கிடையாது என்றார். கேரளத்தில் மம்மூட்டி மரம் நடும் சவாலைத் தொடங்கினார். ஒவ்வொரு ஊரும் தன் குறையை வாளிக்குள் போட்டுக்கொண்டது என்று சொல்லலாம்.

ஹைதராபாத் அதில் அரிசியைப் போட்டதற்கு அந்த மண்ணின் அரசியலும் ஒரு காரணம். 1983-ல் என்.டி.ஆர். ஆட்சியைப் பிடித்தபோது அவர் கையிலிருந்த பெரிய ஆயுதம் கிலோ இரண்டு ரூபாய் அரிசி. தெலுங்கு வீடுகளில் அந்தத் தலைமுறைக்கு அது இன்றும் மனப்பாடம். நமக்குப் புதிதல்ல: 1967-ல் ரூபாய்க்கு மூன்று படி என்ற முழக்கம் கோட்டையின் கதவைத் திறந்ததைப் பார்த்தவர்கள்தானே நாம். சென்னையில் 2013-ல் அம்மா உணவகம் ஒரு ரூபாய்க்கு இட்லி போட்டது. 2014-ல் ஹைதராபாத் மாநகராட்சி, ஹரே கிருஷ்ணா இயக்கத்தின் அறக்கட்டளையோடு சேர்ந்து ஐந்து ரூபாய்ச் சாப்பாட்டைத் தொடங்கியது. அப்போது அதற்கு அன்னபூர்ணா என்று பெயர். ஆட்டோ ஓட்டுநர்களும், வேலை தேடி வந்த பையன்களும், மருத்துவமனை வாசலில் காத்திருக்கிறவர்களும் வரிசையில் நின்று சாப்பிட்டார்கள். அரசாங்கம் ஒரு பக்கம் இதைச் செய்துகொண்டிருந்த ஊரில்தான், வாளியைத் தூக்கிக்கொண்டு நீயே போ என்று ஒரு பெண் சொன்னார்.

அந்த ‘நீயே போ’, ‘பக்கத்தில் இருப்பவருக்குக் கொடு’ என்ற இரண்டு கட்டளைகளில்தான் விஷயம் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஐஸ் வாளி கேட்டது காசோலை. அதை வாங்கிய சங்கம் ஆராய்ச்சிக்கு அனுப்பும், ஆராய்ச்சி என்றோ பலன் தரும். தந்ததும் உண்மை: அந்தப் பணத்தில் நடந்த மரபணு ஆய்வு 2016-ல் நோயோடு தொடர்புள்ள நெக்1 என்ற ஒரு மரபணுவைக் கண்டுபிடித்தது. ஆனால் வாளி கவிழ்த்தவர் நோயாளி ஒருவரையும் பார்க்கவில்லை. அரிசி வாளியில் பார்க்காமல் இருக்க வழியே இல்லை. தெருமுனைக்குப் போக வேண்டும், கூச்சத்தை விட்டுப் பேச வேண்டும், அவர் வீட்டுப் பாத்திரத்தில் கொட்ட வேண்டும். அங்கே கொடுப்பவரின் உடம்புக்குள் ஏதோ நடக்கிறது. அது என்ன என்பதை உளவியல்காரர்கள் கடந்த நாற்பது வருஷமாகத் துருவிக்கொண்டிருக்கிறார்கள்.

முதலில் துருவியவர்களில் ஒருவர் ஆலன் லூக்ஸ். 1980களின் கடைசியில் அமெரிக்கத் தன்னார்வலர்களிடம் கேட்டுப் பார்த்தார். உதவி செய்த கையோடு உடம்பில் ஒரு கதகதப்பு, ஒரு துள்ளல், அதற்குப் பிறகு நெடுநேரம் நீடிக்கும் ஓர் அமைதி என்று பலர் சொன்னார்கள். உதவியின் கிறக்கம் என்று தமிழில் சொல்லலாம். சொன்னவர்கள் உதவியவர்களே என்பதால் இதை ஆதாரமாக எடுத்துக்கொள்ள முடியாது. நன்றாக இருக்கிறவர்தானே ஊருக்கு உதவப் போவார், உதவியதால் நன்றாக இருக்கிறாரா, நன்றாக இருப்பதால் உதவுகிறாரா என்று யாரும் கேட்கலாம்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் சோதனை 2008-ல் வந்தது. கனடாவின் வான்கூவரில் எலிசபெத் டன், லாரா அக்னின், மைக்கேல் நார்ட்டன் மூவரும் செய்தது. காலையில் மாணவர்களிடம் ஆளுக்கு ஐந்து டாலரோ இருபது டாலரோ கொடுத்தார்கள். சிலரிடம், மாலை ஐந்துக்குள் உனக்கே செலவு செய் என்றார்கள். சிலரிடம், வேறு யாருக்காவது செய் என்றார்கள். யாருக்கு எந்தக் கட்டளை என்பது குலுக்கலில் முடிவானது. மாலையில் கேட்டால், பிறருக்குச் செலவழித்தவர்களே அதிகச் சந்தோஷத்தோடு இருந்தார்கள். ஐந்துக்கும் இருபதுக்கும் வித்தியாசமே இல்லை. இன்னொரு கூட்டத்திடம் எது அதிகச் சந்தோஷம் தரும் என்று முன்கூட்டிக் கேட்டபோது, இருபதை வாங்கித் தனக்கே செலவழிப்பதுதான் என்று பெரும்பாலோர் சொன்னார்கள். தன் மனசைப் பற்றி மனிதனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அந்த முதல் சோதனையில் கலந்துகொண்டவர்கள் 46 பேரே. பிறகு இதே குழுவினர் பெரிய கூட்டத்தை வைத்துத் திரும்பச் செய்தபோது பலன் சற்றுச் சின்னதாக, ஆனாலும் இருக்கவே செய்தது.

பணக்கார நாட்டுப் பிள்ளைகளின் விளையாட்டு என்று தள்ளிவிடவும் முடியவில்லை. 2013-ல் அதே குழு 136 நாடுகளின் கணக்கெடுப்பை எடுத்துப் பார்த்தது. கனடா, உகாண்டா, இந்தியா, தென்னாப்பிரிக்கா என்று சோதனையும் செய்தது. தென்னாப்பிரிக்காவில் கலந்துகொண்டவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல், முந்தைய ஆண்டில் குடும்பத்துக்குச் சாப்பாடு வாங்கக் காசில்லாத நாள் இருந்தது என்று சொன்னவர்கள். அவர்களிடம் தின்பண்டப் பை ஒன்றை உனக்கு வாங்கிக்கொள்ளலாம், அல்லது மருத்துவமனையில் கிடக்கும் முகம் தெரியாத ஒரு குழந்தைக்கு வாங்கலாம் என்று இரண்டு பிரிவாகப் பிரித்துக் கொடுத்தார்கள். குழந்தைக்கு வாங்கியவர்கள்தான் கூடுதல் மகிழ்ச்சியோடு எழுந்து போனார்கள். அரைவயிற்றுக்காரருக்கும் கொடுக்கிற சந்தோஷம் உண்டு என்பது நம் தெருக்களில் வாழ்ந்தவர்களுக்குச் செய்தியே இல்லை. பக்கத்து வீட்டுக்குக் குழம்பு கொடுத்தனுப்பாத ஏழை வீடு எது?

மூளைக்குள் பார்த்தவர்களும் உண்டு. 2006-ல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் ஹோர்கே மோல் என்பவரின் குழு, தொண்டு நிறுவனங்களுக்கு நன்கொடை கொடுக்க முடிவு செய்யும் நேரத்தில் ஆட்களின் மூளையை ஸ்கேன் செய்தது. நமக்கே பணம் கிடைக்கும்போது எந்தப் பகுதி ஒளிர்கிறதோ, கொடுக்கும்போதும் அந்தப் பகுதி ஒளிர்ந்தது.

ஆனால் எல்லாக் கொடையும் ஒரே அளவு சந்தோஷம் தருவதில்லை. இங்கேதான் ஹைதராபாத் வாளிக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. ஒரு சோதனையில் இரண்டு நன்கொடைகளை ஒப்பிட்டார்கள். ஒன்று யுனிசெஃபுக்குப் பொதுவாகக் கொடுப்பது. மற்றது, பத்து டாலர் கொடுத்தால் ஆப்பிரிக்காவில் ஒரு குழந்தைக்கு ஒரு கொசுவலை என்று தெளிவாகச் சொன்ன திட்டம். கொசுவலைக்கு அதிகம் கொடுத்தவர்களுக்கு மகிழ்ச்சியும் கூடியது. பொதுப் பணத்தில் அந்த ஏற்றம் காணவில்லை. தன் காசு என்னவாக மாறியது என்று கண்ணால் காணாவிட்டாலும் மனசால் காண முடிந்தால் போதும். அரிசி வாளியில் அந்தக் குழப்பமே இல்லை. உன் காசு சோறாக மாறியது, அதுவும் இன்று ராத்திரிக்கே.

இதயத்துக்கும் இதில் பங்கு உண்டு. ஆஷ்லி வில்லன்ஸ் என்ற ஆய்வாளரும் டன்னும் சேர்ந்து 2016-ல் வெளியிட்ட ஆய்வில், உயர் ரத்த அழுத்தம் உள்ள முதியவர்களுக்கு வாரம் 40 டாலர் வீதம் மூன்று வாரம் கொடுத்தார்கள். பாதிப் பேர் தங்களுக்கும், மீதிப் பேர் மற்றவர்களுக்கும் செலவழிக்க வேண்டும். மற்றவர்களுக்குச் செலவழித்தவர்களின் ரத்த அழுத்தம் இறங்கியது. தனக்கு நெருக்கமானவர்களுக்குச் செலவழித்தவர்களிடம் அது கூடுதலாகத் தெரிந்தது. இதைப் படித்துவிட்டு பி.பி. மாத்திரையை நிறுத்திவிட்டு அரிசிக் கடைக்கு ஓட வேண்டாம். ஆய்வில் இருந்தவர்கள் எண்பதுக்கும் குறைவு. ஆனாலும் பக்கத்தில் இருப்பவர் என்ற விதி, உடம்புக்கும் பொருந்துகிறதே என்ற வியப்பு எனக்கு இருக்கிறது. மஞ்சு லதா அந்த விதியை எழுதியபோது இந்த ஆய்வு வெளிவரவே இல்லை.

இன்னொரு பழைய ஆய்வு, டெட்ராய்ட் பக்கம் 423 முதிய தம்பதியரை ஐந்து வருஷம் பின்தொடர்ந்தது. 2003-ல் ஸ்டெஃபனி பிரவுன் எழுதியது. அக்கம்பக்கத்தாருக்கும் உறவுகளுக்கும் ஒத்தாசை செய்தவர்கள், வாழ்க்கைத் துணைக்கு மன ஆறுதலாக இருந்தவர்கள், அந்த ஐந்து வருஷத்தில் குறைவாக இறந்தார்கள். உதவியைப் பெற்றவர்களுக்கு அந்தப் பலன் தெரியவில்லை. பிள்ளைகள் எல்லாம் செய்கிறார்களே, உட்கார்ந்து சாப்பிடுங்களேன் என்று பெரியவர்களின் கையிலிருந்து வேலையைப் பிடுங்குகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். இதற்கு நேர் எதிர்ப்பக்கமும் உண்டு. உடல்நலம் குன்றிய துணையைப் பார்த்துக்கொண்டு மனச்சுமையில் திணறிய முதியவர்கள், அந்தச் சுமை இல்லாதவர்களைவிட வேகமாக இறந்ததாக 1999-ல் ஓர் அமெரிக்க ஆய்வு சொன்னது. உதவி ஆயுளை நீட்டும் என்று சொல்லி வீட்டுப் பெண்ணின் தலையில் எல்லாப் பொறுப்பையும் கட்டுவதற்கு விஞ்ஞானத்தைத் துணைக்கு அழைக்க முடியாது.

சரி, படம் எடுத்துப் போடச் சொன்னாரே, அது? வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக்கூடாது என்று வளர்ந்தவர்களுக்கு அது உறுத்தும். ஹைதராபாத்தின் பழைய நகரத்தில் இன்னும் அதிகமாக உறுத்தும். மறைத்துக் கொடுப்பது அங்கே மார்க்கக் கடமையைப் போலப் பழகிய விஷயம். வாளியைக் கொடுப்பவர் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார், வாங்குபவர் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நிற்கிறார் என்ற வகைப் படங்கள் கொரோனா காலத்தில் நம் ஊரிலும் குவிந்தன. ஒரு பொட்டலத்தைப் பத்துக் கைகள் பிடித்திருக்கும். என் கட்சி இதுதான்: படம் இல்லாமல் இந்தச் சவால் பரவியிருக்காது, அது உண்மை. ஆனால் வாளியை மட்டும் படம் எடுத்துப் போட்டிருந்தாலும் பரவியிருக்கும். வாங்குகிறவர் முகம் ஊருக்குத் தேவையில்லை, கொடுக்கிறவருக்குத்தான் தேவை, அவர் நேரிலேயே பார்த்துவிடுகிறார்.

அரிசி வாளியில் எத்தனை வாளி அரிசி போயிற்று என்று சொல்லும் கணக்குப் புத்தகம் கிடையாது. இருக்கவும் முடியாது. ஐஸ் வாளியில் பணம் ஓரிடத்தில் குவிந்தது, தணிக்கை நடந்தது, எண் வந்தது. இங்கே அரிசி ஒவ்வொரு தெருவிலும் கொடுத்தவர் கையிலிருந்து வாங்கியவர் பானைக்கு நேராகப் போனது. கல்லூரிகளும் அலுவலகங்களும் சேர்ந்து மூட்டை மூட்டையாகக் கொடுத்தன. பிறகு, இணையத்தில் எதுவும் அடங்குவது போல, அலை அடங்கியது. ஒருமுறை வாளி கொடுத்து, படம் போட்டு, பாராட்டு வாங்கியவர்களில் எத்தனை பேர் அடுத்த மாதம் திரும்பக் கொடுத்தார்கள்?

தினமும் கொடுப்பவர் ஒருவர் அதே ஹைதராபாத்தில் இருக்கிறார். அஸார் மக்ஸுஸி, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் வேலை செய்து பிழைத்தவர். சின்ன வயதிலேயே தந்தையை இழந்து பட்டினி என்றால் என்ன என்று பார்த்து வளர்ந்தவர். 2012-ல் பழைய நகரத்தின் டபீர்புரா மேம்பாலம் பக்கம், உடல் ஊனமுற்ற ஒரு பெண் பசியில் அழுதுகொண்டிருந்ததைக் கண்டு தன் சாப்பாட்டைக் கொடுத்தார். மறுநாள் வீட்டில் மனைவியைச் சமைக்கச் சொல்லி எடுத்துப்போனார். ஆள் கூடியதும் மேம்பாலத்தின் அடியிலேயே அடுப்பு வைத்தார். மதியம் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் வரிசையாகத் தரையில் உட்கார்ந்து சோறும் பருப்பும் சாப்பிடும் இடமாக அது மாறியது. பசிக்கு மதம் கிடையாது என்பது அவருடைய வாசகம். பின்னால் தொலைக்காட்சியில் அமிதாப் பச்சனின் முன்னால் போய் உட்கார்ந்தார். அதற்குள் பாலத்தடி அடுப்பு எரியத் தொடங்கி வருஷங்கள் ஆகியிருந்தன.

நாள்தோறும் ஒரே வேலையைச் செய்தால் அந்தச் சந்தோஷம் சலித்துப்போகாதா? இதையும் இருவர் சோதித்திருக்கிறார்கள். 2019-ல் எட் ஒப்ரையனும் சமந்தா கசிரரும் வெளியிட்டது. ஐந்து நாளைக்குத் தினமும் ஐந்து டாலர். ஒவ்வொரு நாளும் அதே பொருளில் செலவழிக்க வேண்டும். தனக்கே செலவழித்தவர்களின் மகிழ்ச்சி நாளுக்கு நாள் தேய்ந்தது. பிறருக்குக் கொடுத்தவர்களின் மகிழ்ச்சி முதல் நாளில் இருந்த இடத்திலேயே ஏறத்தாழ நின்றது. ஐந்து நாள் சோதனையைப் பல வருஷ அடுப்போடு ஒப்பிடுவது கொஞ்சம் அத்துமீறல்தான், தெரிகிறது.

தமிழ்நாட்டில் வாளிக்கு ஒரு பெரியம்மா இருக்கிறாள்: பிடி அரிசி. உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டுவை, மாதக் கடைசியில் இல்லாதவருக்குக் கொடு என்ற வழக்கம். காஞ்சிப் பெரியவர் சந்திரசேகரேந்திர சரஸ்வதி அதை ஒரு திட்டமாகவே பரப்பினார். இதே யோசனை ஆயிரம் மைலுக்கு அப்பால் மிசோரமிலும் உண்டு. அங்கே தேவாலயத்துப் பெண்கள் ஒவ்வொரு வேளைச் சமையலின்போதும் ஒரு பிடி அரிசியை ஒதுக்கிவைத்துத் திருச்சபைக்குக் கொடுக்கிறார்கள். புஃபை தாம் என்பது அதன் பெயர். அந்தப் பிடி பிடியாகச் சேர்ந்த அரிசியில் பள்ளிகளும் ஊழியங்களும் நடக்கின்றன. பிடி அரிசியில் சவால் இல்லை, படம் இல்லை, ஒரே நாளில் கிறங்கும் கிறக்கமும் இல்லை. அடுப்படியில் நிற்பவர் தினமும் ஒரு நொடி தன் வீட்டுக்கு வெளியே யாரையோ நினைக்கிறார். 1867-ல் வடலூரில் வள்ளலார் மூட்டிய அடுப்புக்கு வரும் மூட்டைகளிலும் இப்படி நினைத்தவர்களின் அரிசி கலந்துதான் இருக்கும்.

ஒரு முடிச்சு மட்டும் எனக்கு அவிழவில்லை. 2012-ல் சாரா கொன்ராத் என்பவரின் ஆய்வு வந்தது. அமெரிக்காவின் விஸ்கான்சினில் 1957-ல் பள்ளி முடித்தவர்களை நெடுங்காலம் பின்தொடர்ந்த பெரிய கணக்கெடுப்பிலிருந்து எடுத்தது. பிறர் நலம் கருதித் தொண்டுக்குப் போனவர்கள் அடுத்த நாலு வருஷத்தில் குறைவாக இறந்தார்கள். தன் மன நிம்மதிக்காக, தன் கவலையை மறப்பதற்காக என்று காரணம் சொன்னவர்கள் இறந்த விகிதம், தொண்டுக்கே போகாதவர்களுடையதற்கு ஏறக்குறைய சமம். அப்படியென்றால் இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு, உடம்புக்கு நல்லதாமே என்று வாளியைத் தூக்குகிறவருக்குப் பலன் கிடையாதா? ஆனால் ரத்த அழுத்த ஆய்வில் இருந்தவர்கள் அன்பு பொங்கிக் கொடுக்கவில்லை. யாரோ கையில் காசைத் திணித்து, போய்க் கொடு என்றார்கள், கொடுத்தார்கள், அழுத்தம் இறங்கியது. இரண்டும் எப்படி ஒன்றாக நிற்கும் என்று உளவியல்காரர்கள் சண்டை போட்டுக்கொள்ளட்டும்.

வாங்குகிறவருக்கு அந்தச் சண்டையில் அக்கறையில்லை. அவர் பார்ப்பது அரிசியை. ஹைதராபாத்தில் சன்ன பிய்யம் என்றால் வீட்டில் சாப்பிடுகிற சன்ன அரிசி, சோனா மசூரி போல. தொட்டு பிய்யம் என்றால் ரேஷனில் வந்துகொண்டிருந்த மோட்டா அரிசி. ரேஷன் மோட்டா அரிசியை வாங்கியவர்களே சாப்பிடாமல் வெளியே விற்றுவிடுவதும், அது சுற்றி மில்லுக்கே திரும்புவதும் தெலங்கானாவில் ஊரறிந்த ரகசியமாக இருந்தது. 2025 யுகாதியன்று ஹுஸூர்நகரில் முதலமைச்சர் ரேவந்த் ரெட்டி ரேஷனிலேயே சன்ன அரிசியை, ஆளுக்கு மாதம் ஆறு கிலோ என்று தொடங்கிவைத்தார். ஏழைக்கும் நாக்கு உண்டு என்று அரசாங்கமே ஒப்புக்கொண்டாயிற்று. ஆகவே வாளியை நிரப்பப் போகிறவர், கடையில் ‘தானத்துக்குத்தான், சுமாரானதே போதும்’ என்று கேட்காமல், தன் வீட்டுக்கு எந்த மூட்டையிலிருந்து எடுக்கிறாரோ அதிலிருந்தே எடுக்கட்டும்.